வாரத்துக்கு ரெண்டு தடவை

உடற்பயிற்சிக் கிளப்பில் திங்கட்கிழமை என்றால் மார்பு. செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் கை, வெள்ளி கால். சனிக்கிழமை வயிற்றுக்கும் வம்புக்கும். ஞாயிற்றுக்கிழமை பாதிப் பேர் சர்ச்சுக்குப் போய்விடுவதால் கதவே திறக்காது. இதை யார் வகுத்தார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் மூன்று ஷிப்ட் ஆட்களும் வந்து போன இடம் அது. பெஞ்சு ஒன்று, எடை மாட்டும் ராக் ஒன்று, ஆட்களோ எக்கச்சக்கம். எல்லாரும் ஒரே நாளில் ஒரே உறுப்பைச் செய்தால் இரும்பை அடுத்தவன் கையில் கொடுத்துக்கொண்டே போகலாம், சண்டை வராது. சண்டை வராமல் இருக்கச் செய்த ஏற்பாடு போகப் போக உடம்பின் சட்டமாகிவிட்டது. ஒரே வாரத்தில் மார்பை இரண்டாம் தடவை தொட்டால் தசை வெந்துபோகும் என்று அந்தச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸ் முழுக்க நம்பினார்கள்.

பவ்யா நம்பவில்லை. யாராவது "அப்படித்தான்" என்று சொன்னாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் அவள். பி.எஸ்சி. முடித்து, பெங்களூரில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற வேலை. ரயிலில் உட்கார இடம் கிடைக்காது. பங்காருபேட்டை தாண்டியதிலிருந்து நின்றபடியே போனில் படித்துக்கொண்டு போவாள். தசை எப்படி வளர்கிறது, எப்போது ஆறுகிறது, ஒரு தசையை வாரத்தில் எத்தனை முறை வேலை வாங்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் எழுதியதையெல்லாம் தேடிப் படித்தாள். ஒரே நாளில் மொத்தத்தையும் போட்டு நசுக்குவதைவிட, அதே அளவு வேலையை இரண்டாகப் பிரித்து வாரத்தில் இரண்டு நாள் செய்வது பலருக்கு நல்லது என்று அவளுக்குப் புரிந்தது. அதே அளவு வேலை. பிரித்து. அவளுக்கு அது தெரியாமல் இருந்ததில்லை. பின்னால் எத்தனையோ ரயில் பயணங்களில் அவளைக் குடைந்தது அதுதான்.

கிளப்பில் இரும்பு தூக்கிய பெண்கள் பவ்யாவையும் சேர்த்து நாலைந்து பேர். அவர்களில் ஐடாவுக்குத்தான் உடம்பு சொன்னபடி கேட்டது. முப்பது வயது. பங்காருபேட்டைப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸ் பாக்டரியில் தையல் லைனில் வேலை. நாள் முழுக்க மெஷினில் குனிந்து முதுகு பிடித்துக்கொண்டதால் யாரோ சொல்லி கிளப்புக்கு வந்தவள், முதுகுவலி போன பிறகும் நிற்கவில்லை. இரண்டு தோளும் தேங்காய் மூடியைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். அவள் கணவர் ஆர்தர் எலெக்ட்ரீசியன், பவ்யா போகிற அதே ரயிலில் போகிறவர். "எங்க ஊட்ல சண்ட வந்தா கதவுகிட்ட நான்தாம்மா நிப்பேன், ஓடறதுக்கு" என்று பெட்டி முழுக்கக் கேட்கச் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வருஷம் ஐடாவுக்கு ஒரு வழி திறந்தது. பங்காருபேட்டையில் ஜிம் வைத்திருந்த சிவகுமார், மாடியில் பெண்களுக்கென்று தனியாகத் தொடங்கப் போவதாகவும், பெண் டிரெய்னர் தேடுவதாகவும் சொன்னார். "ஸ்டேட் பாடி பில்டிங் போட்டியில ஏதாவது ஒரு ப்ளேஸ் அடிச்சிட்டு வாங்க சிஸ்டர். போட்டோவ பெருசா போட்டு, வேலைய உங்களுக்கே குடுத்துடறேன்" என்றார். லைன் சூப்பர்வைசரின் கத்தல் இல்லாமல், பாத்ரூம் போவதற்குக் கை தூக்கிக் கேட்காமல் ஒரு வேலை. ஐடா வீட்டுக்கு வந்து ஆர்தரிடம் சொல்லும் முன்பே பவ்யாவிடம் ஓடி வந்து சொன்னாள்.

"நீதான்டீ எனக்கு ப்ளான் போட்டுத் தரணும். நீ படிச்ச பொண்ணு."

"வாரத்துக்கு ரெண்டு தடவக்கா. ஒவ்வொரு தசையும். அத்த வுட்டா வழியில்ல."

மறுநாளே கிளப்பில் மனோகரோடு தகராறு. மனோகர் கிளப் செக்ரட்டரி. ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் பட்டம் வாங்கிய உடம்பு. இப்போது சட்டைப் பொத்தான்களுக்கு மட்டும்தான் அவரால் கஷ்டம்.

"புதன்கிழம தோள் பண்ற நாளு. நீங்க இன்னா கால் பண்றீங்க?"

"எங்களுக்கு வேற ப்ளான்ணா. ஒரு தடவ பண்ணிட்டு மிச்ச நாளெல்லாம் சும்மா வுட்டா அது இன்னாத்துக்கு வளரும்? ரெண்டு மூணு நாள்ல ரிப்பேர் முடிஞ்சிடுது. அப்பால வேல இல்லாத ஆளு மாதிரி குந்திக்கினு இருக்குது."

"எங்க காலத்துல பட்டம் வாங்குனவன் பூரா வாரத்துக்கு ஒரு தடவ பண்ணவன்தான். நாங்க இன்னா பூசணிக்காயா?"

பவ்யா அவர் வயிற்றைப் பார்த்தாள். வேண்டுமென்றேதான் பார்த்தாள். "நான் சொல்லலண்ணா. நீங்களே சொல்லிட்டீங்க."

பெஞ்சைச் சுற்றி நின்ற பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மனோகர் முகம் கறுத்தது. "சரிங்க மேடம். மேடம் படிச்சவங்க. ஓரமா எது வேணா பண்ணுங்க. ஐடா முழுசா ஸ்டேஜ் ஏறுதா, துண்டு துண்டா ஏறுதான்னு நாங்களும் பாக்கறோம்."

அந்த நிமிஷத்திலிருந்து பவ்யாவுக்கு இது ஐடாவின் போட்டி மட்டுமாக இல்லாமல் போனது. அது அவளுக்கு அப்போது தெரியவில்லை.

ப்ளான் எளிதுதான். முதல் நாள் தள்ளுகிற தசைகள், அதாவது மார்பு, தோள், கையின் பின்பக்கம். அடுத்த நாள் இழுக்கிற தசைகள். மூன்றாம் நாள் கால். அப்புறம் மறுபடி முதலிலிருந்து. சனிக்கிழமை முடியும்போது உடம்பின் எல்லாப் பாகமும் இரண்டு முறை வேலை பார்த்திருக்கும். அன்று மாலை கிளப்பிலிருந்து நடந்து வரும்போது பவ்யா அதை ஐடாவுக்கு விளக்கினாள்.

"மார்புக்கு இப்ப எட்டு செட்டு பண்ற இல்ல? அத்த நாலு நாலா பிரிச்சிக்கோ. திங்கக்கிழம நாலு, வியாழக்கிழம நாலு. தோளுக்கும் அப்படித்தான். எல்லாத்துக்கும் பாதி பாதி."

ஐடா நடுரோட்டில் நின்று சிரித்தாள். "பாதியா? பாதி வேல பண்ணிட்டு இரும்ப கீழ வச்சிட்டு வரணுமா? எங்கப்பா இருந்தா செருப்பாலயே அடிப்பாருடீ."

ஐடாவின் அப்பா சுரங்கத்தில் மரச்சட்டம் முட்டுக் கொடுக்கிற ஆள். ஷிப்ட் முடிந்து கூண்டில் மேலே வந்தவர், ஆள் குறைகிறது என்றால் அடுத்த ஷிப்டுக்கும் இறங்கிவிடுவார். டபுள் அடித்தவன் தெருவில் நடந்து வந்தால் மற்றவர்கள் வழி விடுவார்கள். நடுவில் உடம்புக்கு முடியாமல் மேலே வந்தவனை அந்த வாரம் முழுக்க அரை ஆள் என்ற அர்த்தத்தில் 'ஆஃப்' என்றுதான் கூப்பிடுவார்கள். சுரங்கம் மூடியபோது ஐடா சின்னப் பிள்ளை. ஆனாலும் அந்த வார்த்தை வீட்டில் மூடப்படவில்லை. சோற்றை மிச்சம் வைத்தால் ஆஃப். பாத்திரத்தைச் சரியாகத் தேய்க்காவிட்டால் ஆஃப். பரீட்சையில் தோற்றால் சந்தேகமே இல்லாமல் ஆஃப்.

"ரெண்டு தடவன்னா ரெண்டு முழு தடவதான். டபுள்" என்றாள் ஐடா, தோளைத் தட்டிக்கொண்டு. "பாத்துக்கினே இரு."

பவ்யா வாயைத் திறந்தாள். டபுள் இல்லை அக்கா, மொத்தம் ஏறக்கூடாது, அதுதான் விஷயமே என்று சொல்ல வேண்டும். சரி, முதல் வாரம் பண்ணிப் பார்க்கட்டும், தானே தெரிந்துகொள்வாள் என்று விட்டுவிட்டாள்.

முதல் வாரம் ஒன்றும் ஆகவில்லை. மாதம் திரும்புவதற்குள் ஐடாவின் உடம்பு மாறியது. தோளுக்கும் கைக்கும் நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது. முதுகு விரிந்து ஜாக்கெட் தையல் விட்டது. அவளே அதைப் பாக்டரி மெஷினில் சாப்பாட்டு நேரத்தில் தைத்துக்கொண்டு வந்து, கிழிந்த இடத்தைக் காட்டிக் காட்டிப் பெருமைப்பட்டாள். பையன்கள் தங்கள் செட்டை நிறுத்திவிட்டு அவள் செட்டைப் பார்த்தார்கள். ஒருநாள் மனோகரே கிட்டத்தில் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஐடா கடைசி முறை தூக்கி இறக்கும் வரை நின்றார். ஒன்றும் சொல்லாமல் போனார். அந்த ஒன்றும் சொல்லாததை பவ்யா வீட்டுக்கு எடுத்துப் போய் இரவுச் சாப்பாட்டோடு சேர்த்து மென்றாள். அவ்வளவு ருசி.

புதிதாகச் சேர்ந்த இரண்டு காலேஜ் பெண்கள் தயங்கித் தயங்கி வந்து, "அக்கா, எங்களுக்கும் ரெண்டு தடவ ப்ளான் போட்டுத் தர்றீங்களா?" என்று கேட்டார்கள். போட்டுக் கொடுத்தாள். அவர்களிடம் மட்டும் பாதி பாதி என்பதை அழுத்தமாகச் சொன்னாள். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஐடாவிடம் மறுபடி சொல்லவே இல்லை.

ஏனென்றால் ஐடா வளர்ந்துகொண்டிருந்தாள். பாதியாக்கினால் இந்த வேகம் நின்றுவிட்டால்? மனோகர் மறுபடி வாயைத் திறந்துவிட்டால்? போட்டி முடியட்டும், அப்புறம் குறைத்துக்கொள்ளலாம். ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றபடி இப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

வலி முதலில் சின்னதாகத்தான் வந்தது.

"இந்தப் பக்கம் சுருக்கு சுருக்குனு குத்துதுடீ" என்றாள் ஐடா, வலது தோளின் முன்பக்கத்தை விரலால் தொட்டு. "கை மேல போவும்போது."

பவ்யாவுக்கு உடனே புரிந்தது. மார்புக்கென்று தள்ளும்போதும் தோள் வேலை செய்கிறது. தோளுக்கென்று தூக்கும்போதும் தோள்தான். கையின் பின்பக்கத்துக்குச் செய்யும்போதும் தோள் சும்மா இருப்பதில்லை. முன்பு தனித்தனி நாளில் முழுசாகச் செய்த மூன்றையும் ஐடா இப்போது ஒரே மாலையில் முழுசாகச் செய்கிறாள். அதையே அந்த வாரத்தில் இன்னொரு தடவையும் செய்கிறாள். பாதியாக்கியிருந்தால் தாங்கும். இந்த மூட்டுக்கு ஆறவே நாள் இல்லை. கணக்கு கண்ணெதிரே இருந்தது.

அவள் சொன்னது வேறு. "நாள் பூரா அந்த மெஷின்ல ஒரே பக்கமா துணிய தள்ளிக்கினு இருந்தா குத்தத்தான் செய்யும். வெந்நீர் ஒத்தடம் குடு."

ஐடா ஒத்தடம் கொடுத்தாள். படித்த பெண் சொன்னால் கேட்க வேண்டியதுதானே.

வியாழக்கிழமை. ஆண்கள் கைக்குச் செய்துகொண்டிருந்தார்கள். ஐடா ஓரத்தில் நின்று இரும்புப் பாரைத் தலைக்கு மேல் தூக்கினாள். பின்னால் பவ்யா, தேவைப்பட்டால் பிடிப்பதற்காகக் கையை நீட்டிக்கொண்டு. வழக்கமாக மூச்சை விட்டு ஹூம் என்று சத்தம் போடும் ஐடா அன்று பல்லைக் கடித்துச் சத்தமில்லாமல் தூக்கினாள். "போதும், வச்சிடுக்கா" என்று சொல்ல பவ்யா நினைத்தாள். அப்போது மனோகர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தார்.

"இன்னொன்னு" என்றாள் பவ்யா.

பார் தலைக்கு மேல் பாதி போனது. ஈரத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். பவ்யா பாரைப் பிடித்துவிட்டாள், தலையில் விழாமல். ஐடா கத்தவில்லை. சுவரில் சாய்ந்து, வலது கையை இடது கையால் தாங்கி, குழந்தையை ஏந்துவது போல் ஏந்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "இன்னாமோ வுட்டுட்ச்சிடீ உள்ள" என்றாள். மனோகர்தான் ஆட்டோ பிடிக்க ஓடினார்.

ஸ்கேன் எடுத்தார்கள். தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் தசைநார் கிழிந்திருந்தது. மாதக்கணக்கில் பாரம் தூக்கக் கூடாது, கையைத் தலைக்கு மேல் கொண்டுபோகக் கூடாது, சரியாக வராவிட்டால் ஆபரேஷன் என்றார் டாக்டர். ஐடாவின் கூடவே உட்கார்ந்திருந்த பவ்யா, இது எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்கப் போகிறார் என்று காத்திருந்தாள். அவர் கேட்கவே இல்லை. வேலை கார்மெண்ட்ஸில் என்று சொன்னதும் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

ஐடா போகாமலே ஸ்டேட் போட்டி நடந்து முடிந்தது. பாக்டரியில் அவளை மெஷினிலிருந்து எடுத்து நூல் வெட்டும் மேஜையில் போட்டார்கள். சம்பளமும் குறைந்தது. சூப்பர்வைசரின் கத்தல் மட்டும் குறையவில்லை. பவ்யா ஒருநாள் பங்காருபேட்டையில் ரயிலை விட்டு இறங்கி நேராக சிவகுமாரின் ஜிம்முக்குப் போய், ஐடாவுக்காக வேலையைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்டாள். மாடியில் கண்ணாடிகூட மாட்டியாகிவிட்டது.

"பாவம்தாம்மா. ஆனா கை தூக்க முடியாதவங்கள நிக்க வச்சா யாரு சேருவாங்க? பெங்களூர்லேருந்து ஒரு பொண்ணு வர்றா" என்றார்.

சண்டை போடத்தான் போயிருந்தாள். அவர் சொன்னதில் சண்டைக்கு இடமில்லாமல் இருந்தது.

கிளப்பில் அதைவிட மோசம். மனோகர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. குத்தியிருந்தால் திருப்பிக் கொடுத்து ஆறியிருக்கலாம். "இனிமே எல்லாரும் வாரத்துக்கு ஒரு தடவதாம்மா. நமக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்" என்று மட்டும் சொன்னார், துக்க வீட்டில் பேசுகிற குரலில். அந்தக் காலேஜ் பெண்கள், பாதி பாதியாக ஒழுங்காகச் செய்து நன்றாக வளர்ந்துகொண்டிருந்தவர்கள், ப்ளானை விட்டுவிட்டு திங்கட்கிழமை மார்புக்குத் திரும்பினார்கள். ரெண்டு தடவை செய்ததால் இல்லை, ரெண்டு தடவையும் முழுசாகச் செய்ததால்தான் என்று பவ்யாவுக்கு கிளப்பின் தகரக் கூரை அதிரக் கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தினால் அடுத்த கேள்வி ஒன்று வரும். அது தெரிந்தும் ஏன் பார்த்துக்கொண்டு நின்றாய்?

கேள்வி வந்தது, ஆனால் கிளப்பில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்ட நேரத்துக்கு பவ்யா ஐடாவின் வீட்டுக்குப் போனாள். சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லைன் வீடு. வாசலில் ஐடா துவைத்த துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள், இடது கையால். கொடியை இடுப்பு உயரத்துக்கு இறக்கிக் கட்டியிருந்தார்கள். அவளுடைய தலை வகிடு கோணலாக இருந்தது. பின்னல் ஒரு பக்கம் இறுக்கம், ஒரு பக்கம் தளர்ச்சி.

"இன்னா பாக்கற? ஆர்தர் வேல. தல வாரிக்க கை எழும்பல. ஒயர் முறுக்கற மாதிரி முறுக்குறாரு" என்றாள். சிரித்தாள்கூட. பவ்யாவுக்குத்தான் முடியவில்லை.

ஒரு தலையணை உறையைப் போட்டுவிட்டு ஐடா கேட்டாள். "ஒன்னு கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு பாதி பாதியா பண்ணுன்னு சொன்ன இல்ல?"

"சொன்னேன்க்கா."

"நான் சிரிச்சிட்டேன். என் மேலயும் தப்பு இருக்குது, இல்லன்னு சொல்லல. ஆனா நீ அப்படி வுடற ஆளே இல்லியேடீ. டீக்கடையில சக்கர கம்மியா போட்டாகூட சண்ட போட்டு வாங்குவ. டிடிஆர்கிட்டயே சட்டம் பேசுவ. எங்கிட்ட மட்டும் ஏன் ஒரு வாட்டி சொல்லிட்டு வுட்ட?"

வரும் வழியெல்லாம் பவ்யா பதில்கள் கட்டிக்கொண்டுதான் வந்திருந்தாள். உன் உடம்பு தாங்கும்னு நினைச்சேன். நீ கேட்கமாட்டேன்னு தெரியும். மெஷின் வேலையாலதான். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் உண்மை. அவற்றில் ஒன்றைச் சொல்லியிருந்தால் ஐடா நம்பியிருப்பாள், இன்றைக்கும்.

"நீ வளந்துக்கினு இருந்தக்கா" என்றாள். "மனோகர் அண்ணா பாத்துக்கினு இருந்தாரு."

ஐடாவின் கை கொடியிலேயே நின்றது.

"குத்துதுன்னு சொன்னேனே. அப்ப?"

"அப்பவும் தெரியும்க்கா. எதனாலன்னு தெரியும்."

பக்கத்து வீட்டில் குக்கர் கூவி அடங்கியது. "கத்தணும் போல இருக்குது" என்றாள் ஐடா. "கத்துனா அதுக்கும் தோள்தான் வலிக்குது." பிறகு, வேறு யாரையோ விசாரிப்பது போல, "இது எப்ப சரியாவும்? முன்ன மாதிரி தூக்க வருமா?" என்றாள்.

"தெரியாதுக்கா."

"ஓ."

வாளியில் ஒரு போர்வை கிடந்தது, பிழியாமல், தண்ணீர் கோர்த்துக் கனமாக. அதையாவது செய்யலாம் என்று பவ்யா குனிந்து ஒரு முனையைத் தூக்கினாள்.

"அத்த வச்சிடு" என்றாள் ஐடா.

பவ்யா வைத்துவிட்டாள்.

ஐடா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். ஆர்தர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். பவ்யாவைப் பார்த்ததும் எப்போதும் போல் ஏதோ கேலி பண்ண வாயெடுத்தார். மனைவியின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டார். இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் போர்வையை முறுக்கினார்கள், அவர் இரண்டு கையாலும், அவள் ஒரு கையாலும். தண்ணீர் மண்ணில் கொட்டி ஓடி வந்து பவ்யாவின் செருப்பை நனைத்தது. அவர்கள் இன்னும் முறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவளைப் போகச் சொல்லவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.